சோபாவைக் காப்பாற்றப் போன நான்

இந்த வேலை எனக்குக் கிடைக்கவே கூடாது என்று நான் சபதம் எடுத்தேன். படுத்துக்கொண்டேதான் எடுத்தேன். எங்கள் வீட்டு சோபாவில்.

நான் ஸ்டோர்கீப்பராக இருந்த அச்சகத்தை இழுத்து மூடியதிலிருந்து அந்த சோபாதான் என் ஆபீஸ். மதியச் சாப்பாடு முடிந்ததும் டியூட்டியில் சேர்ந்தால், மாலைக் காபிக்குத்தான் எழுந்திருப்பேன். லேட்டாகப் போனதில்லை, லீவு போட்டதில்லை. அப்படிப்பட்ட உழைப்பாளியை என் மனைவி புரிந்துகொள்ளவில்லை. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள் அவள். தரையில் குனிந்து துணி வெட்டி வெட்டி இடுப்பு போகிறது, ஒரு மேஜை வேண்டும் என்பாள். "வாங்கிக்கோயேன், போட இடம் ஏது?" என்று நான் சோபாவில் கால் நீட்டியபடி கேட்பேன்.

ஒருநாள் செல்போனும் கையுமாக வந்தாள்.

"என்னங்க, அந்தப் பெரிய ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் கடை இருக்குல்ல? அங்க செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. நானே உங்க பேர்ல அப்ளிகேஷன் போட்டுட்டேன். நாளைக்கு இன்டர்வியூ."

"என்னைக் கேக்காமயா?"

"தூங்கிட்டு இருந்தீங்க."

நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"நல்லா அதட்டிப் பேசற ஆள்தான் வேணுமாம். நீங்க அங்க போய் பம்மிட்டு நின்னீங்கன்னா வேலை போச்சு."

சோபாவில் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பம்மினால் வேலை போச்சு! வெற்றிக்கு வழியை எதிரியே கையில் கொடுக்கிறாளே! பம்முவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா?

அன்று மாலையே ஒத்திகை. அவள் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து மேனேஜர் ஆனாள். நான் நின்றேன்.

"கேட்டுல ஒரு ஆள் தகராறு பண்றான். என்ன செய்வீங்க?"

"ஏம்ப்பா, கொஞ்சம் தள்ளி நின்னு தகராறு பண்றியான்னு கேப்பேன்."

"கிழிஞ்சுது! மேஜையைத் தட்டுங்க. கத்துங்க. என்னைப் பாத்துக் கத்துங்க!"

"உன்னைப் பாத்தா?"

"ம், தைரியமா!"

கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத அனுமதி. விடுவேனா? பழைய பாக்கியெல்லாம் சேர்த்து, "வெளிய போடா!" என்று ஒரு கர்ஜனை கர்ஜித்தேன். ஜன்னல் அதிர்ந்தது. மாடிவீட்டு அக்கா பதறிப்போய் இறங்கி வந்தார்.

"என்னம்மா, டிவி ரிப்பேரா?"

"இல்லக்கா, இவர்தான் பேசினார்."

"இவரா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நம்பாமல் டிவியையும் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். "ஞாபகம் இருக்கட்டும். கர்ஜனை!" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நின்று கையசைத்தவளைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

கடையின் பின்பக்க அறையில் ஒரு வழுக்கைத்தலை மேனேஜரும் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தேன்.

திடீரென்று அந்த அம்மா மேஜையை ஓங்கித் தட்டினார். "என்னய்யா மெஷின் வித்திருக்கீங்க? ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலை! கடையா இது?"

இப்போது நான் கர்ஜிக்க வேண்டிய இடம். கைகளைக் கட்டிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்கம்மா. தப்பு எங்களோடதுதான். முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

"தண்ணி எதுக்கு? பதில் சொல்லு!"

"நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டுங்கம்மா. முடிச்சதும் சொல்றேன்."

மேனேஜர் குறுக்கிட்டார். "சரி, அவங்க குழாயையே திறக்கலைன்னு வெச்சுக்குவோம். அப்ப?"

"அப்பவும் தப்பு என்னோடதுதான் சார். குழாயைத் திறக்கணும்னு நான்தானே முன்னாடியே சொல்லியிருக்கணும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒழிந்தது வேலை! மனசுக்குள் சோபாவில் காலை நீட்டினேன்.

"உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டார் மேனேஜர்.

"வரும் சார். வந்தா மொட்டைமாடிக்குப் போய் நின்னுட்டு வந்துடுவேன்."

"இதுல உங்களுக்கு அனுபவம் எவ்வளவு?"

"கல்யாணமானதுலேர்ந்து சார்."

மேனேஜர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்க சார் இருந்தீங்க இத்தனை நாளா? எங்க புகார் கவுன்ட்டர்ல ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க. போன தடவை சேர்ந்தவர் மத்தியானம் அழுதுட்டே டீ குடிக்கப் போனார், இன்னும் வரலை. திங்கக்கிழமையே சேர்ந்துடுங்க!"

"புகார் கவுன்ட்டரா? செக்யூரிட்டி சூப்பர்வைசர் இல்லையா?"

"அப்படி ஒரு வேலையே இங்க கிடையாதே! உங்க அப்ளிகேஷன்ல தெளிவா இருக்கு. 'எவ்வளவு திட்டினாலும் எதிர்த்துப் பேச மாட்டேன்'னு வேற எழுதியிருந்தீங்க. நாங்கதான் நம்பலை."

வீடு வரைக்கும் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்ததுமே ஒத்திகையில் கற்ற கர்ஜனையை எடுத்துவிட்டேன்.

"பொய்தானே சொன்னே? சூப்பர்வைசராம், அதட்டணுமாம்!"

என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உண்மையைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பணிவா இருக்கணும்னு சொன்னா, அங்க போய் சிங்கமாட்டம் கத்திட்டு, வேலை கிடைக்கலைன்னு வந்து படுத்திருப்பீங்க."

என் சபதத்தை நான் சோபாவிடம்கூடச் சொன்னதில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது? வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"நான் அந்த வேலைல சேர மாட்டேன். இதுதான் என் முடிவு!"

"சரி, முதல்ல உக்காருங்க. காபி கொண்டு வரேன்."

முறைப்பாகவே உட்காரத் திரும்பினேன். சோபா இருந்த இடத்தில், துணி வெட்டும் மேஜை ஒன்று புத்தம் புதிதாக நின்றுகொண்டிருந்தது.

"எங்க சோபா?"

"நீங்க பஸ் ஏறினதுமே மாடிவீட்டு அக்கா ஆள் வெச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"வேலை கிடைக்குமான்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?"

"வேலையைப் பத்தித் தெரியாதுங்க. உங்களைத் தெரியும்."

"மன்னிச்சுக்கம்மா, தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே காபியைக் குடித்தேன்.