மாத்திரையை அரை

என் அருமை மகளும், இந்தக் குடும்பத்திலிருந்து மருத்துவத் துறைக்குள் காலெடுத்து வைத்த முதல் பிரமுகருமான உனக்கு, அப்பா அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், ஏனென்றால் நீ இங்கே இல்லை. பூனை சுகமா இல்லையா என்பது நாளைக் காலைக்குள் தெரிந்துவிடுமாம். அதுவரை எனக்கு வேறு வேலை இல்லாததால் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் செய்தால், "அப்பா, ஒரு கேஸ் வந்திருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கேட்பவர்கள் ஏதோ மனுஷன் என்று நினைத்துவிடப் போகிறார்கள். போன வாரம் உனக்கு வந்த கேஸ் ஒரு வாத்து.

முதலில் முக்கியமான விஷயம். பள்ளிக்கூட அலுவலக வேலைக்குத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்த மாதம் முதல் தேதி நீ சேர வேண்டும். அன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சரிப்பா, விட்டுடறேன், போதுமா?" என்றாயே, அதை நான் மறக்கவில்லை. உனக்குச் சிரமம் வேண்டாமென்று ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதி, பிழையும் பார்த்து, இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மாட்டாஸ்பத்திரியில் நர்ஸ் என்பதை நான் இன்னும் எத்தனை பேரிடம்தான் மென்று முழுங்குவது? "பொண்ணு என்ன பண்றா?" என்பார்கள். "நர்ஸ்" என்பேன். "எந்த ஆஸ்பத்திரி?" என்பார்கள். "பெரிய ஆஸ்பத்திரி" என்று சொல்லிவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பேன். ஆறு வருஷமாக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

இனி வக்கீல் விஷயம். நீ ஏழாவது படிக்கும்போது ஒரு பூனைக்குட்டியைப் புத்தகப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து, கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் இருக்கிறது என்று சொல்லி வக்கீல் என்று பேர் வைத்தாயே, அந்த மகானுபாவருக்கு இப்போது பதினாறு வயது. வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்றதும் லீவு போட்டு ஓடி வந்தாய். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது ஒன்றரை நாள் லீவு போட்டாய். வக்கீலுக்கு மூன்று நாள். குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்காதே, சும்மா ஞாபகம் வந்தது.

நீ போன பிறகு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். அறுவை சிகிச்சைக்குப் பின் பூனையைப் பராமரிக்கும் முறையாம். பதினோரு வரி, பதினான்கு பிழை. அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவன் வீட்டு பிரிட்ஜில் இப்படி ஒரு காகிதம் தொங்கலாமா? 'காயம் தொடாதே' என்று எழுதியிருக்கிறாய். காயம் யாரைத் தொடப் போகிறது? சிவப்புப் பேனாவை எடுத்து, 'காயத்தைத் தொடாதே' என்று திருத்தினேன். 'கூம்பு கழட்டாதே' என்பதை, 'கூம்பைக் கழற்றாதே' என்று ஆக்கினேன். 'மாத்திரை அரை, காலை மாலை' என்று கிடந்தது. ஒரு 'யை' போட்டு, 'மாத்திரையை அரை' என்று ஒழுங்கு செய்தேன். இரண்டாம் வேற்றுமையை அடியோடு துறந்த ஒரு பெண்ணை இந்த உலகத்துக்குக் கொடுத்திருக்கிறேனே என்று வருத்தப்பட்டுவிட்டு, திருத்திய காகிதத்தைத் திரும்பவும் ஒட்டினேன்.

அப்புறம் ஆரம்பித்தது பார் என் ராஜயோகம். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய அந்தப் பிளாஸ்டிக் கூம்போடு வக்கீல் நடக்கிற அழகு இருக்கிறதே, முன்னால் போக நினைத்தால் பின்னால் போகிறார், கதவில் முட்டுகிறார், முட்டியதற்கு என்னை முறைக்கிறார், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கூம்பு மாட்டிக்கொண்டால் வீடே இடிகிற மாதிரி கத்துகிறார், நான் தரையில் குப்புறப் படுத்து அவரை மீட்டால், மீட்ட கையைக் கடிக்கிறார். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி வாயோரமாகப் பீய்ச்சு என்று எழுதியிருந்தாய். பீய்ச்சினேன். முதல் வேளை மருந்து என் மூக்குக்கண்ணாடியில், இரண்டாம் வேளை என் வாயில். நல்ல வாழைப்பழ வாசனை. எனக்கு எங்கேயும் தையல் இல்லாததால் அது குணப்படுத்தியதா என்று சொல்லத் தெரியவில்லை.

மாத்திரைக்கு வருவோம். மிக்ஸியில் போட்டேன். நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தால் ஒரு வெள்ளைப் புகை மட்டும் எழுந்தது, மாத்திரையைக் காணோம். அடுத்த மாத்திரையை உன் அம்மா இருந்தபோது இஞ்சி தட்டிய சின்ன உரலில் போட்டு அரைத்தேன். நைசாக, கையில் ஒட்டாத மாவாக அரைத்து, வேகவைத்த மீனில் கலந்து வைத்தேன். வக்கீல் தட்டை நக்கித் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அப்படி ஒரு தூக்கம்! கத்தல் இல்லை, கடி இல்லை. நம் கைராசியைப் பார் என்று எனக்கே பெருமை. மாலையிலும் ஒன்று அரைத்தேன். மறுநாளும் இரண்டு வேளை. "பொண்ணு மூணு நாள் பண்ணினதை நான் ஒரே நாள்ல பண்ணிட்டேன்" என்று மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் கூடச் சொன்னேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குதே!" என்றாள். வக்கீல்கள் அப்படித்தான் என்றேன்.

இன்று காலை எழுப்பினால் எழவில்லை. தூக்கினால் ஈரத் துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிறார். மீனை மூக்கில் வைத்தேன், மீசை கூட அசையவில்லை. உனக்கு ஏழு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, வாத்துக்கு என்ன அவசரமோ. துணிக் கூடையில் துண்டை விரித்து அவரைப் படுக்க வைத்து, காகிதத்தையும் ஆதாரத்துக்கு உருவிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். டாக்ஸிக்காரன், "என்ன சார், துணி துவைக்கவா?" என்று சிரித்தான். கூடையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "மூச்சு இருக்கா பெரியவரே? கையை வச்சுப் பாத்துக்கிட்டே வாங்க" என்றான். பார்த்துக்கொண்டே போனேன். உள்ளங்கைக்குக் கீழே என்னவோ லேசாக அசைந்தது. அது அவர் மூச்சா, டாக்ஸியின் குலுக்கலா என்று தெரியாமலே அவருக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். அங்கேயும் உன்னை மாதிரி ஒரு நர்ஸம்மா. வக்கீலை மேஜையில் கிடத்தி, ஈறைப் பார்த்து, காதைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"வலி மாத்திரை எவ்வளவு குடுத்தீங்க?"

"அரைச்சுக் குடுத்தேன்."

"அரைதானே?"

"நானே அரைச்சேன்மா. நைசா."

"சார், அரையா, முழுசா?"

"முழுசாத்தான் அரைச்சேன். எதையும் பாதியிலே விடற பழக்கம் எனக்குக் கிடையாது."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். "இந்தச் சிவப்பு 'யை' யாரு போட்டது?"

"இலக்கணப்படி அங்கே இரண்டாம் வேற்றுமை..."

"சார், உங்க இலக்கணத்தைக் கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சிலே உக்கார வச்சுட்டு வாங்க. பூனையைப் பிடிக்க ஆள் வேணும்."

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். 'அரை மாத்திரை' என்று ஊர் உலகத்தைப் போல எழுதியிருந்தால் இந்தக் கதி வருமா? முன்னால் போட வேண்டிய 'அரை'யைப் பின்னால் தள்ளியது யார்? ஆகவே பாதிக் குற்றம் உன்னுடையது. அதாவது அரை.

அந்த நர்ஸம்மாவின் வேலையைப் பார்த்தேன், பார்க்காமல் எங்கே போவது, ஒரு காலை நான்தானே பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னங்காலில் ஒரு நயா பைசா அகலத்துக்கு முடியை மழித்து, நூல் மாதிரி இருந்த நரம்பைக் கண்டுபிடித்து, ஒரே குத்தில் டிரிப்ஸ் ஏற்றினாள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தாள். கண்ணைச் சிமிட்டாமல் கிடக்கிறார், காய்ந்துவிடும் என்று அடிக்கொரு தரம் சொட்டு விட்டாள். கால் மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தாள். நடுநடுவே பேச்சு வேறு: "வக்கீல் சார், வாய்தா எல்லாம் கேக்கக் கூடாது, எழுந்திருங்க." சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமலே ஜன்னலில் இருந்தது. மூன்று மணிக்கு அவர் விழித்தார். விழித்த வேகத்தில் பயந்துபோய் அவள் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே இழுப்பு. ரத்தம் வழிகிறது, அவள் உதறவும் இல்லை, பிடியை விடவும் இல்லை. "பயத்திலே பண்றாரு சார், கோவத்திலே இல்லை" என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள். அந்தக் கையில் பழைய கோடுகள் பத்துப் பதினைந்து. உன் கையிலும் இருக்கின்றன. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள் என்று நான்தான் உன்னை விரட்டுவேன். எதற்கோ ஞாபகம் வந்தது. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே இரவில் ஆள் கிடையாதாம். "வயசானவர், மாத்திரை கிட்னியைப் பிடிச்சிருக்கான்னு தெரியணும். காலையிலேக்குள்ள ஒண்ணுக்குப் போயிட்டார்னா தப்பிச்சார். போனதும் எனக்கு போன் பண்ணுங்க." போகலைன்னா என்றேன். "போகலைன்னாலும் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஆக, அப்பாவின் இன்றைய நிலைமை இதுதான். எழுபத்தொரு வயதில், கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் பூனையைக் கிடத்தி, அது எப்போது மூத்திரம் பெய்யும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்க முடியாமல் அந்தப் பேப்பரில் ஒன்பது பிழை திருத்திவிட்டேன். வக்கீல் மூச்சு விடறார், அவ்வளவுதான், வேற ஒண்ணும் பண்ணலை. உண்மையைச் சொன்னா எனக்குப் பயமா இருக்கு. நீ போனை எடுக்காததும் ஒரு விதத்திலே நல்லதுதான். எடுத்தா என்னன்னு சொல்றது? நீ வளர்த்ததை நான் ஒரு எழுத்தைப் போட்டுக் கொன்னுட்டேன்னா?

ஆகையால், ஒரு எழுத்து மாறினால் ஒரு உயிர் போகிற இந்த வேலை நமக்குச் சரிப்படாது என்பது தெளிவாகிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து மாறினால் யாரும் சாகமாட்டார்கள், நான் விசாரித்துவிட்டேன். உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பு. திடமான உடம்பும் தெளிவான கையெழுத்தும் எல்லா வேற்றுமை உருபுகளும் உனக்குக் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பிறர் பிழை பொறுக்காத உன் அப்பா.

பி.கு.: மணி காலை எட்டு நாற்பது. வக்கீல் தானாக எழுந்தார். இரண்டு அடி தள்ளாடி நடந்தார், நின்றார், பெய்தார். பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க, விளையாட்டுச் செய்திகள் வரைக்கும். நான் கைதட்டினேன், சத்தியமாகக் கைதட்டினேன். உடனே நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, "வக்கீல் போயிட்டாரும்மா!" என்று கத்தினேன். "எப்போ சார்?" என்றாள், குரல் உடைந்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது, 'ஒண்ணுக்கு' என்பதை நான் விட்டுவிட்டேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவம்! சொன்னதும் அவள், "போயிட்டாரு! ஒண்ணுக்குப் போயிட்டாரு!" என்று அங்கே இருந்தவர்களிடம் கூவினாள். போனில் ஒரே கைதட்டல், நாய்க் குரைப்பு, யாரோ விசில் கூட அடித்தார்கள். நான் திருத்திய எந்தப் புத்தகத்துக்கும் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. உனக்கு இது தினமும் நடக்குமா? ஆறு வருஷத்தில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மேலே எழுதியதில் பிழைகள் அதிகம். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. 'யை' போட்டது நான். முழுக் குற்றமும் என்னுடையது, அரை இல்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கவரிலிருந்து எடுத்துவிட்டேன், தேடாதே. தலைமையாசிரியருக்கு இப்போதுதான் போன் செய்து சொன்னேன்: "பொண்ணு வரமாட்டா சார். அவளுக்கு வேலை இருக்கு."