கொச்சியிலிருந்து பேசுகிறோம்

ரகசிய எண் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. கேரள எல்லையோரப் பெருமாட்டியில், ஆறுச்சாமி வீட்டுச் சாமி அறையில், பழனி முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்த செல்போனில் போய் விழுந்தது. அந்த எண் தேவைப்பட்ட மௌனிகாவோ மலைக்கு மேலே ஏலப்பாறையில், தோழி ராமலட்சுமியின் அடுப்படியில், தோழியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னுடைய மெயிலைத் திறக்க வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தொறந்துச்சா?" என்றாள் ராமலட்சுமி.

"ஓடிபி கேக்குதுடி. அது எங்கூட்டுப் போனுக்குப் போயிருச்சு."

"ஊர்ல ஒன் போனை யாரு வச்சிருக்கா?"

"முருகன்."

ராமலட்சுமி அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் அதை மௌனிகா இத்தனை சாதாரணமாகச் சொன்னது சிரிப்பாக இருந்தது.

விஷயம் இதுதான். கொச்சியில் ஒரு மசாலாக் கம்பெனியின் கணக்குப் பிரிவு வேலைக்கு மௌனிகா நேர்முகத் தேர்வு முடித்துவிட்டு வந்திருந்தாள். ஒரு வாரத்துக்குள் போனில் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போன வருஷம் இதே மாதிரி வேறொரு வேலைக்குக் காத்திருந்தபோது, குளியலறைக்குக்கூடப் போனை எடுத்துப் போய், தூக்கத்தில் எழுந்து எழுந்து பார்த்து, கடைசியில் காய்ச்சல்தான் வந்தது, வேலை வரவில்லை. இந்தத் தடவை அப்படி அல்லாடக் கூடாது, பாரத்தை முருகன்மேல் போட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். வெறும் வாயால் போட்டால் அவருக்கு உறைக்காதோ என்று செல்போனையும் அவரிடமே ஒப்படைத்தாள்.

அத்தோடு விடவில்லை. சூடம் ஏற்றி, அம்மா சரஸ்வதியம்மாளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். கூப்பிட்டால் அம்மா எடுத்துப் பேசலாம். ஆனால் மௌனிகா ஊர் திரும்பும்வரை, நல்லதோ கெட்டதோ, வேலையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அப்பா ஆறுச்சாமி கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளுகூடத் தாங்கமாட்ட அம்மிணி," என்றார்.

"பாக்கலாங்கப்பா," என்று சொல்லிவிட்டுத்தான் மௌனிகா பஸ் ஏறினாள். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே விடுதி அறையில் இருந்த ராமலட்சுமியை, அவள் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவே இல்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறி, கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டையே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இரண்டு நாள் நம்பிக்கை அசையாமல் நின்றது. தோழிகள் விடியவிடியப் பேசினார்கள். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது, 'போன் வரும் நேரத்தில் அம்மா தோட்டத்தில் இருந்தால்?' என்று ஒரு சந்தேகம் வந்தது. பல் தேய்த்து முடிப்பதற்குள் நம்பிக்கை பாதியாகிவிட்டது.

"ஒங்கம்மாவுக்கே போனைப் போட்டுக் கேட்டுற வேண்டியதுதான?" என்றாள் ராமலட்சுமி.

"அப்புறம் எங்கப்பா வருசம் பூராச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. மெயிலைப் பாத்தாப் போதும்டி. அம்மாவுக்குத் தெரியாம அந்த நம்பர மட்டும் வாங்கோணும்."

இதற்கு ராமலட்சுமி கண்டுபிடித்த வழிதான் அவள் கணவன் பாண்டித்துரை. சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். கோட்டயத்துக்காரர்களே ஏமாந்துபோகும் அளவுக்கு மலையாளம் பேசுவான். ஆனால் எவராவது அதட்டினால் கையும் ஓடாது காலும் ஓடாது. அவன் கம்பெனிக்காரனாக மௌனிகாவின் போனுக்குப் பேசி, எண்ணை வாங்கிவிடுவது என்று ஏற்பாடு.

பாண்டித்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு தன் போனிலிருந்து கூப்பிட்டான். ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஹலோ, மௌனிகாயுடெ வீடல்லே? ஞங்ஙள் கொச்சியில நின்னாணு விளிக்குன்னது."

கொச்சியிலிருந்து பேசுகிறோம் என்று அவன் சொல்லி முடித்ததும், அந்தப் பக்கம் பூஜை மணியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாங்க, சொல்லுங்க," என்றாள் சரஸ்வதியம்மாள். பெருமாட்டியில் மலையாளம் எல்லோருக்கும் புரியும். பதில் மட்டும் தமிழில்தான் வரும்.

பாண்டித்துரை தமிழுக்கு இறங்கினான். "இந்தப் போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திட்டுண்டாவும். அதை ஒண்ணு வாசிச்சுச் சொல்லணும்."

"நம்பருங்களா? ஏனுங்க, அதெல்லாம் ஆருக்குஞ் சொல்லக்கூடாதுன்னு டிவியில தெனமுஞ் சொல்றாங்களேங்க. ஆருங்க நீங்க? போலீசுக்குச் சொல்லட்டுங்களா?"

போலீஸ் என்றதும் பாண்டித்துரைக்கு வியர்த்துவிட்டது. ஜீப் ஓட்டுகிறவனுக்குப் பிடிக்காத ஒரே சொல் அதுதான். "ஐயோ சேச்சி, போலீசெல்லாம் வேண்டா. நாங்க கம்பெனிக்காரங்கதான். உங்க மகளுக்கு ஜோலி கிட்டிப்போயி."

அடுப்படியில் இருந்த இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தலையில் கைவைத்தார்கள்.

"அப்படீங்களா? வேலை கெடச்சுப்போச்சுங்களா? முருகா, கண்ணத் தொறந்துட்டியா சாமி. ஏனுங்க, உங்க பேரு என்னங்க?"

பாண்டித்துரை பெயருக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் வாசலில் நின்று தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டின்சி," என்றான்.

"பொம்பளப் புள்ள பேராட்ட இருக்குதுங்களே?"

"எங்க பக்கம் ஆம்பளைக்கும் வைப்பாக."

"செரிங்க டின்சி சார். நல்லா இருக்கோணும் நீங்க."

போனை வைத்ததும் குக்கர் விசிலடித்தது. வாசல்படியில் உட்கார்ந்து பீன்சுக்கு நார் உரித்துக்கொண்டிருந்த பாண்டித்துரையின் அம்மா சாந்தம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். ஏலப்பாறைக் குளிருக்கு இருமல் சகஜம்.

"என்னுங்கண்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்றாள் மௌனிகா.

"போலீசுன்னுட்டாகளே தங்கச்சி."

"இப்ப மறுபடி கூப்பிடுங்க," என்றாள் ராமலட்சுமி. "இன்னும் முடிவாகல, மேலதிகாரி கையெழுத்துப் போடணும், அதுவரைக்கும் வெளிய சொல்லிராதீகன்னு சொல்லுங்க. பொய்யவும் கொஞ்சம் பொய்யாக்கிட்டா சரியாப் போகும்."

ஒரு சவாரி போய்விட்டு வந்து, சாப்பிட்டு, தைரியம் வரவழைத்துக்கொண்டு பாண்டித்துரை மறுபடியும் கூப்பிட்டான்.

"டின்சி சாருங்களா? சொல்லுங்க."

"சேச்சி, அந்த ஜோலி விசயம். இன்னும் ஒரு கையெழுத்து பாக்கியுண்டு. அதுவரைக்கும் யார்கிட்டயும்..."

"அடடே, நானு மில்லுல சொல்லிப்போட்டனுங்களே. குப்பண்ணன் அவரு அக்கா மக யோகப்பிரியாவக் கூட்டியாந்து எங்க புள்ளையோட நாற்காலியில உக்கார வெச்சுப்போட்டாருங்க."

மௌனிகா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். குப்பண்ணனின் தேங்காய் எண்ணெய் மில்லில்தான் அவள் இத்தனை வருஷம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு மாதாமாதம் வரும் ஒரே நிச்சயமான வருமானம் அதுதான். தென்னைக்கு நோய் வந்த பிறகு தோப்பை நம்ப முடிவதில்லை. புது வேலை வரும்வரை பழைய வேலை இருக்கிறது என்ற தெம்பில்தான் அவள் முருகனிடம் இத்தனை தாராளமாக நடந்துகொண்டாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் பாண்டித்துரைக்கு மனசு கேட்கவில்லை. "கையெழுத்து ஒரு சடங்குதான் சேச்சி. ஜோலி உறுதி," என்றான்.

ராமலட்சுமி அவன் தொடையில் கிள்ளினாள். அது தாமதமான கிள்ளு.

"ரொம்பச் சந்தோசமுங்க. ஹாஸ்டல்ல எங்க புள்ளைக்குச் சன்னலோரமாப் படுக்கை குடுங்க. தயிரில்லாட்டி அவளுக்குச் சோறு எறங்காதுங்க."

"தராம்."

"மாசம் ரெண்டு வாட்டி ஊட்டுக்கு வந்துட்டுப் போகோணுங்க."

"வரட்டே."

"சம்பளத்தையும் கொஞ்சம் பாத்துக் கூட்டிக் குடுத்தீங்கன்னா..."

"கூட்டிரலாம்," என்று சொல்லி வைத்துவிட்டான் பாண்டித்துரை.

"சம்பளத்த எதுக்குங்க ஏத்துனீக?" என்று பல்லைக் கடித்தாள் ராமலட்சுமி.

"ஒரு அம்மா கேக்கையில இல்லேன்னு எப்பிடி சொல்ல?"

மறுநாள் காலை மௌனிகாவே துணிந்து பேசினாள். முருகனிடம் இருந்த போனுக்கு அல்ல, அம்மாவின் சொந்தப் போனுக்கு. எப்படியாவது பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

"சாப்புட்டியா கண்ணு? அங்க மழையா?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"சாரல்மா. அங்க என்னம்மா விசேசம்?"

"என்ன விசேசம். எருமை கன்னு போட்டுது. கடாக் கன்னு."

"வேற?"

"வேற என்ன இருக்குது? ராமலட்சுமி நல்லா இருக்கறாளா?"

பின்னால் நாலைந்து பேர் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அதாரும்மா சத்தம்?"

"குப்பண்ணன் வந்திருக்கறாரு. காப்பி குடிக்கறாரு. நீ சந்தோசமா இருந்துட்டு வா சாமி."

மௌனிகா போனை வைத்துவிட்டு அழுதாள். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தை ஊரெல்லாம் கொண்டாடிவிட்டு, மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் எருமைக் கன்றைப் பற்றிப் பேசுகிறாளே அம்மா. சூடத்தின்மேல் அடித்த சத்தியத்தை அம்மா காப்பாற்றுகிறாள். சத்தியம் வாங்கியவள்தான் மூன்றாம் நாளே கள்ளத்தனமாகப் போன் போடவைத்தாள்.

எழுந்து போய்ப் பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"எங்கடி கெளம்புற?" என்றாள் ராமலட்சுமி.

"ஊட்டுக்கு. நேர்ல போயிச் சொல்லிர்றேன். இருந்த வேலையும் போச்சு, வராத வேலைக்கு எங்கம்மா ஊருக்கே காப்பி வெச்சுக் குடுக்கறா. முருகா நீயே பாத்துக்கன்னு ஒரு கையில குடுத்துப்போட்டு, இன்னொரு கையில புடுங்கிப் பாத்தேன் பாரு, எனக்கு இது வேணும்."

"நாலு வருசங் கழிச்சு வந்திருக்க. ஒன்னய எங்கிட்டாவது கூட்டிட்டுப் போகணும்னு எம்புட்டு நெனச்சிருந்தேன். ஒரு நாளு முழுசா இந்தப் போனோடயே போயிருச்சே," என்று ராமலட்சுமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தன் யோசனைகள்மேல் முதல் தடவையாகச் சந்தேகம் வந்திருந்தது.

பாண்டித்துரை வாசலில் நின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாப் பாவமும் தன் தலையில்தான் என்று தோன்றியது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"தங்கச்சி, நீ அழாத. நானே கடைசியா ஒரு தடவை கூப்புட்டு, நான் டின்சி இல்ல, பாண்டித்துரைன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுர்றேன். வையிறதா இருந்தா என்னய வையட்டும்."

அவன் பொத்தானை அழுத்தப் போகும்போது, சாந்தம்மாள் பீன்சு முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"பொறுடா. இவ இம்புட்டு அழுவான்னு நெனைக்கல, அதான் வாயத் தொறக்குறேன்," என்றவள், மௌனிகாவின் பக்கம் திரும்பினாள். "பையை அவுத்து வை தாயி. நீ பஸ்ஸு ஏறுன அன்னைக்கே கொச்சியிலருந்து நெசமாவே கூப்புட்டு, வேலை ஒனக்குத்தான்னு சொல்லிட்டாகளாம். அதுக்கப்புறந்தான் ஒங்கம்மா மில்லுல சொல்லியிருக்காக. நீ இங்க வந்து எறங்குனதுலருந்து தெனம் பொழுதடைஞ்சா நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிருவோம்ல. டேய் பாண்டி, நீ கூப்புடுறப்பல்லாம் அந்தப் போன்ல, வழி கேக்குறதுக்கு இவ பதிஞ்சு வச்ச ஒம் பேரு பளிச்சுனு விழுகுதாம். இன்னைக்கு டின்சி சாரு எத்தனை மணிக்குக் கூப்புடுவாருன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாக, குப்பண்ணன் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காராம்."