ஜப்பான் ஆற்றங்கரையில் இறங்கி இறங்கி ஏறியவர்

சைக்கிளில் ஏறியதைவிட இறங்கியதே அதிகம் என்று சொல்லத்தக்க மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் 'ஜப்பான் ஃபிட்டர்'. ஏறாமல் எப்படி இறங்க முடியும் என்று கணக்குக் கேட்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

காரைக்குடிப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் ஃபிட்டர். நான் வாசலில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவது என் வேலை. நான் தாமதமாக வந்தால் எழுத ஆள் இல்லாததால், என் பெயருக்கு நேரே நோட்டு எப்போதும் சுத்தமாக இருக்கும்.

எதிரே பெரியவர்கள் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, நாலடி தள்ளிக்கொண்டு போய்ப் பிறகு ஏறுவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மட்டும் இறங்கியதில்லை. என் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. 'மரியாதை தெரியாத பய' என்று பெயர் வாங்கியது அப்படித்தான். ஃபிட்டரோ இந்த வழக்கத்தை ஒரு வியாதியாகவே வளர்த்து வைத்திருந்தார். கோட்டையூரிலிருந்து மில்லுக்கு வருவதற்குள் ஆச்சிமாருக்கு இறங்குவார், வாத்தியாருக்கு இறங்குவார், தபால்காரருக்கு இறங்குவார். ஒருநாள் டவுன் பஸ்ஸுக்கே இறங்கினார்.

"பஸ்ஸுக்கு எதுக்குண்ணே இறங்குறீக?"

"உள்ள யாராச்சும் பெரியவுக இருப்பாகளேப்பு!"

அறுபதுகளில் மில்லுக்கு ஜப்பானிலிருந்து புது மிஷின் வாங்கினார்கள். அதைப் பூட்டக் கழற்றப் பழகிவர இவரை மூன்று மாதம் அங்கே அனுப்பினார்கள். மனைவி அப்போது தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பிள்ளை பிறப்பதற்குள் வந்துவிடுவதாகச் சத்தியம் பண்ணிவிட்டுக் கப்பலேறினார்.

மூன்று மாதமும் மிஷினைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கடைசி நாள் லீவு. சாயங்காலம் ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் காலைக் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் ஒரு மாதம் கழித்து. அதற்குள் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, அப்பா எங்கே என்று கேட்க ஆரம்பித்திருக்கும். இந்த நிலைமையில்தான் அந்த மனிதர் காலையில், அங்கே தனக்கு வேலை பழக்கிய மேஸ்திரியின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, ஆற்றங்கரையோடு தனியாகக் கிளம்பினார். மேஸ்திரியின் பெயர் சாட்டோ. இவர் வாயில் அது சாத்தப்பன்.

எங்கள் பக்கத்து ஆறுகள் எங்கே போகும்? நாலு ஊர் தாண்டுவதற்குள் ஏதாவது ஏரி கண்மாயில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஜப்பான் ஆறும் அப்படித்தான் என்று நினைத்தார். "கண்மாயப் பாத்துட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பிரலாம்னுதாம்ப்பு போனேன்" என்பார்.

அரை மைல் போவதற்குள் வயலில் நின்ற ஒருவர் இவரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். இவர் இறங்கிக் கும்பிட்டார். அவர் மறுபடி குனிந்தார். இவர் மறுபடி கும்பிட்டார்.

"யாரு முதல்ல நிப்பாட்டுறதுன்னே தெரியலைப்பு. ரெண்டு பேருக்கும் இடுப்பு புடிச்சப்பறந்தான் ஏறுனேன்."

அடுத்து தூண்டில் போட்டவர். பிறகு முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்த எட்டுப் பெண்கள். எட்டுப் பேருக்கும் தனித்தனிக் கும்பிடு. இப்படியே இறங்கி ஏறியதில் மத்தியானச் சோறே மறந்துபோனது.

பொழுது சாய ஆரம்பித்தபோது கண்மாய் வந்தது. எதிர்க்கரையைக் காணோம். தண்ணீரை அள்ளி வாயில் விட்டார். உப்பு!

"அம்புட்டு நல்ல தண்ணியவும் கொண்டுபோயி கடல்ல விடுறாய்ங்க தம்பி! கேக்க ஒரு நாதியில்லை!"

அப்போதுதான் ரயில் நினைவு வந்தது. பதறிப்போய்த் திரும்பினார். வரும்போது தள்ளிக்கொண்டு வந்த காற்று இப்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. எங்கேயும் நிற்காமல் மிதித்தால் ஒருவேளை ரயில் கிடைக்கலாம். ஆனால் வழியில் அதே எட்டுப் பெண்கள் முள்ளங்கியைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். குனிந்தார்கள்.

"பேசாம மிதிச்சு வந்திருக்கலாம்லண்ணே? அங்குட்டு உங்களை யாருக்குத் தெரியும்?"

"கும்புடுறவுகளைத் தாண்டிப் போகக் காலு வரணுமேப்பு! இங்குட்டு அவ நெறமாசமா வழி பாத்துக் கெடக்கா, அங்குட்டு ரயிலு போகப் போகுது. கண்ணுல தண்ணி ஓடுது. எறங்கி எறங்கிக் கும்புடுறேன்!"

அந்த நேரத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. உள்ளே சாட்டோ. பின்னால் இவருடைய டிரங்குப் பெட்டியும் படுக்கையும். பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோமே என்று, சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு சாட்டோவே தேடி வந்துவிட்டார். அந்தக் கரையில் பாதைகள் எத்தனையோ பிரிந்தாலும் அவர் ஓரிடத்திலும் தடுமாறவில்லையாம். 'இறங்கி இறங்கிக் கும்பிடுகிற ஒரு ஆள்' என்று கேட்டதுமே, வயல்காரர் முதல் தூண்டில்காரர் வரை சிரித்துக்கொண்டே ஒரே திசையில் கை நீட்டினார்களாம். ஸ்டேஷனில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் இது இவருக்குத் தெரியும்.

"ரயிலு கெளம்புற வரைக்கும் சாத்தப்பன் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு சொல்லு வெளங்கலை. ஆனா எங்க அண்ணன் வையிற மாதிரியே இருந்துச்சு தம்பி."

கப்பல் கிடைத்தது. இவர் வீடு வந்து பதினோராம் நாள் பெண் பிறந்தது.

எழுபதுகள் முழுக்க மில் கேண்டீனில் இந்தக் கதையை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். அது நல்லபடியாக முடிந்ததற்குச் சாட்சியாக, பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருப்பாள். இருந்தாலும், அந்த லாரி வந்து சேருகிற வரைக்கும் எனக்கு ஒரு மடக்கு டீ இறங்காது.