ஒரு குழாய்க்கு எத்தனை வால்வு?

‘எதுக்கும் இருக்கட்டுமே’ என்று சொல்லிக்கொண்டே வாழும் ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் குடை, டார்ச், மாத்திரைப் பெட்டி சகிதம் கிளம்புவார்கள். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், இந்த இனத்தின் அசல் மாதிரி.

அத்தான் கூடத்தில் பவளம் வளர்க்கும் கடல்மீன் தொட்டி வைத்தார். மேலே வழியும் உப்புத் தண்ணீர் கீழே அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டியில் இறங்கிச் சுத்தமாகும். அதை ஒரு மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். அதற்கு வேண்டியது ஒரே ஒரு குழாய். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலை. அதுவரை மீன்களும் பவளங்களும் குளியலறையில், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் குடியிருக்கட்டும் என்றார்.

கரண்ட் போனால் மேல் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே இறங்கிவிடுமே? ஒருவழி வால்வு போட்டார். அது மக்கர் செய்தால்? இன்னொன்று. இரண்டையும் கழற்றித் துடைக்க நாலு திருகு இணைப்பு, நாளைக்கே இன்னொரு தொட்டி வாங்கினால் என்று பக்கவாட்டில் ஒரு கிளை, அந்தக் கிளையை அடைக்க ஒரு வால்வு, இத்தனையும் அலமாரிக்குள் அடங்க வேண்டுமே என்று வளைவுக்கு மேல் வளைவு. முடிவில் குழாய் பார்ப்பதற்குக் குடல் மாதிரி இருந்தது.

மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வந்ததா? வந்தது. ஜலதோஷக்காரன் மூக்கு மாதிரி.

“அத்தான், ரெண்டு வால்வைக் கழட்டிப் பார்க்கலாமே?” என்றேன்.

“கழட்டறதா! பெரிய மோட்டாரா மாத்திட்டாப் போச்சு.”

மாற்றுவதற்குள் நாட்கள் ஓடின. அக்கா துண்டும் சோப்புமாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் குளித்துவிட்டு வந்தாள். குளியலறையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு பவளம் வெளுத்தே போயிற்று. அதைப் பார்த்துவிட்டு வந்த அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“செத்துருமோடா?” என்றார் என்னிடம், மெதுவாக.

புது மோட்டாரில் தண்ணீர் ஜோராக ஏறியது. அத்தான் மீன்களை எடுத்துவர எழுந்தார்.

“இருங்க. கரண்ட் போச்சுன்னு வெச்சுக்கோங்க” என்று அக்கா சுவிட்சை அணைத்தாள்.

முதல் வால்வில் குழாய் அறுத்த பிசிறு சிக்கியிருந்தது. இரண்டாவது, வழிந்த பசையில் திறந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கு இறங்கென்று இறங்கி, கீழ்த்தொட்டி நிரம்பி, அலமாரியைத் தாண்டி, சோபாவுக்கு அடியில் போய் நின்றது. அத்தான் அதன் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவரைத் திட்டவில்லை. மேல்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, குழாயோட வாய் எதுக்கு அவ்வளவு ஆழத்துல இருக்கு? மேல தூக்கிட்டா, தண்ணி கொஞ்சம் இறங்கினதுமே காத்து புகுந்து தானா நின்னுடாதா?”

அத்தான் எழுந்தார். ரம்பத்தை எடுத்தார். வால்வு, கிளை, வளைவு எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. நேராக ஒரு குழாய். அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே. சுவிட்சை அணைத்தோம். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது, ‘களுக்’ என்றது, நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே மீன்கள் குடியேறின. வெளுத்த பவளமும் சில வாரங்களில் மெல்ல நிறம் பிடித்தது. அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அத்தான் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். அக்கா? குடியேற்றம் முடிந்த அன்றே குளிக்கப் போனாள். லேசில் வெளியே வரவில்லை.

பாவம் அத்தான் என்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு, தெருமுனைவரை போய், திரும்பி வந்து, பூட்டைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கிப் பார்க்கிற ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். பூட்டு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மட்டும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.