ஸ்டீக்கும் மாமனாரின் முன்பல்லும்

சமையல் வீடியோ பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பார்த்து ஜொள்ளுவிட்டுவிட்டு ஓட்டலில் போய்ச் சாப்பிடுகிறவர்கள் புத்திசாலிகள். நான் இரண்டாவது வகை.

எங்களுடையது காதல் கல்யாணம். கயல்விழியின் அப்பா சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு வரவில்லை, அதற்கப்புறமும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. திடீரென்று ஒருநாள், "ஞாயித்துக்கெழம கடலூர் வரேன், சாப்பாட்டுக்கு இருப்பேன்" என்று மகளுக்கு போன் செய்தார். கயல் அழுதேவிட்டாள். இந்த ஒருவேளைச் சோற்றில்தான் அவளுக்குப் பிறந்த வீடு திரும்பக் கிடைக்க வேண்டும்.

"கறிக்கொழம்பு வச்சிடலாங்க. அப்பாவுக்கு அதுவே போதும்."

"கொழம்பு யாரு வேணா வைப்பாங்க. நான் வீடியோல வர்ற மாதிரி முழுக் கறித்துண்ட அப்படியே வாட்டி ஸ்டீக் போடுறேன்" என்றேன். (அதுவரை நான் தனியாகச் செய்த பெரிய சமையல் ஆம்லெட். அதுவும் பாதி நாள் பொடிமாஸாகிவிடும்.)

ஆட்டுத் தொடையில் கனமான துண்டுகளாக வாங்கிவந்தேன். வீடியோக்காரர் ஏதேதோ சாஸ் ஊற்றி ஊறவைக்கச் சொன்னார். முற்றின கறி வேக நம் வீடுகளில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவோமே, அது எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. ஒரு துண்டுக்கே கறி வெந்துவிடும் என்றால் முழுக்காய்க்கு? அரைத்து, இஞ்சி பூண்டு மிளகோடு அப்பி, ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்.

மறுநாள் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினேன். ஐயோ! கறி திரும்பவில்லை. களி மாதிரி குழைந்து கரண்டியோடு வந்தது. வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம் வேறு.

மேலே பளபளவென்று பூச வேண்டிய பாகு பாக்கி இருந்தது. தேனுக்குப் பதில் அச்சுவெல்லம். பாகு இறுகினால் கறியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? கமர்கட் பதம் வரும்வரை கிண்டி, அள்ளிப் பூசினேன். ஆறியதும் என்ன ஒரு மினுமினுப்பு! முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மாமனார் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்தார். "இன்னாம்மா இது?"

"ஸ்டீக்குப்பா. அவரு செஞ்சது" என்றாள் கயல்.

கையால் எடுத்துக் கடித்தார். கடித்தவர் கடித்தபடியே இருந்தார். வாய் திறக்கவில்லை. முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, கை என்னை நோக்கி ஆடியது.

"அப்பா! நெஞ்சு வலிக்குதாப்பா?" என்று கயல் அலறினாள். நான் வெந்நீர் எடுக்க ஓடினேன். (கொலைக் கேஸ்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.)

வாயோரமாக வெந்நீர் ஊற்ற ஊற்றப் பாகு இளகி, துண்டு 'டக்'கென்று தட்டில் விழுந்தது. அதன்மேல், பதித்து வைத்தது போல, மாமனாரின் முன்பற்கள் இரண்டு!

செத்தேன் என்றே நினைத்தேன். (அது கட்டின பல் என்பது பிறகுதான் தெரிந்தது.) கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் தட்டைப் பார்த்தார். பிறகு, முதல்முறையாக, என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"யோவ் மாப்ள!" காற்றும் குரலுமாக வந்தது. "நான் வர்றது புடிக்கலன்னா நேரா சொல்லுய்யா. பல்ல ஏன்யா புடுங்குற?"

கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ரசஞ்சோறு சாப்பிட்டு, சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இப்போதெல்லாம் மாதம் தவறாமல் வருகிறார். கிளம்புமுன் மகளுக்கு போன் வரும். நல்லா இருக்கியா என்றெல்லாம் கேட்பதில்லை. "அடுப்பாண்ட யாரும்மா நிக்கிறது?" என்றுதான் ஆரம்பிப்பார். "அவருதாம்ப்பா" என்று கயல் விளையாட்டுக்குச் சொன்னால்கூடப் போதும். "சரி, அப்ப அடுத்த வாரம் வரேன்" என்று வைத்துவிடுவார்.