முத்திரை குத்திய சீட்டுக்கட்டு

அன்பும் மரியாதையும் கூடவே கொஞ்சம் பயமுமாக, அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான், உன் தம்பி மனைவி, எங்கள் இருவருக்கும் சேர்த்து உள்ள நான்கு முழங்கால்களில் மூன்று, எல்லாரும் சுகம். நான்காவது என்னுடையது, இடது பக்கம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் முழுக்க அதுவே கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளும், அதனால் விட்டுவிடுகிறேன். உன் ரத்த அழுத்தமும், உங்கள் மாடி வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், வேறு வழி? ஃபோனில் நீ பேசுவதே மூன்று வாக்கியம். "நல்லா இருக்கேன். சாப்பிட்டியா. வச்சிடட்டுமா." அத்தான் போய்ப் பத்து மாதம் ஆகிறது, இந்த மூன்றை வைத்தே என்னை ஓட்டிவிட்டாய். கடிதத்தைப் பார்த்து "வச்சிடட்டுமா" என்று கேட்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், ஒரு புது விளையாட்டு வாங்கினேன். பொழுது போகவில்லை, அவ்வளவுதான், வேறு காரணம் தேடாதே. சீட்டும் பகடையும் சேர்ந்த விளையாட்டு, பெயர் "ஏழு கோட்டை". பல் டாக்டர் வீட்டுக்குக் கீழே இருக்கும் பொம்மைக் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், மிகவும் பொறுமைசாலி. "சார், இந்தப் பெட்டிய வாங்குனா ஆட ஆரம்பிக்கலாம். அப்புறம் இந்தச் சின்னப் பொட்டலத்த எல்லாம் ஒண்ணொண்ணா சேத்துக்கிட்டே போகலாம்" என்றாள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பிரிச்சாத்தான் தெரியும் சார்." உங்களுக்காவது தெரியுமா என்றேன். "எனக்கும் தெரியாது சார்." தயாரித்தவர்களுக்கு? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்களுக்கும் தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். முப்பத்தாறு வருஷம் நூலகத்தில் புத்தகம் வாங்கும் பட்டியல் போட்டவன் நான். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாமல் வாங்குபவருக்கும் தெரியாமல் ஒரு பொருளை வாங்கினேன் என்று கோப்பில் எழுதியிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பெட்டி ஒன்று, பொட்டலம் பத்து வாங்கிக்கொண்டு நானாகவே வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் பிரித்தேன். பகடைகளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மயக்கமாக வந்தது. நமக்குத் தெரிந்த பகடைக்கு ஆறு முகம். இதில் ஒன்றுக்குப் பன்னிரண்டு, ஒன்றுக்கு இருபது. இருபது முகப் பகடையை மேஜையில் உருட்டினால் அது நிற்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் போகிறது, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்த்தான் யோசித்து நிற்கிறது. விதிப் புத்தகம் நாற்பத்தெட்டுப் பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் சந்தேகம் வந்தால் முப்பத்தொன்றைப் பார் என்கிறது, முப்பத்தொன்றுக்குப் போனால் பத்தொன்பதைப் பார் என்கிறது. ஒரு மதியம் முழுக்க அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நடந்தேன். சீட்டுகளில் படங்கள் மட்டும் சும்மா சொல்லக்கூடாது, கண்ணை எடுக்க முடியவில்லை. "தூங்கும் வாயிற்காவலன்" என்று ஒருவன், தொப்பி மூக்கு வரை சரிந்து, ஈட்டியைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறான். பத்துப் பொட்டலத்தில் அவனே ஐந்து தடவை வந்தான். ஒரே பொட்டலத்தில் மட்டும் வெள்ளி ஓரம் வைத்த சீட்டு ஒன்று, "கடைசி விளக்குக்காரி". மலை மாதிரி படிக்கட்டில் கையில் ஒரு விளக்கோடு ஏறிக்கொண்டிருக்கிறாள். அவள் எவ்வளவு அபூர்வமானவள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. அச்சடித்த எது வீட்டுக்குள் வந்தாலும் என் கை சும்மா இருக்காது. ஓய்வு பெற்ற அன்று, என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்கென்றே ஒரு ரப்பர் முத்திரை செய்து கொடுத்தார்கள் அல்லவா, வட்டமாக, நடுவில் "சொந்த நூலகம்" என்று? அதை எடுத்தேன், ஊதா மையை எடுத்தேன், நோட்டில் கோடு போட்டு ஒன்று முதல் நூற்றிருபத்தெட்டு வரை வரிசை எண் கொடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் முத்திரை குத்தி, எண் எழுதி, உலர்த்தி, அடுக்கினேன். படம் கெட்டுவிடக் கூடாதே என்று, அத்தனை அக்கறையோடு, எல்லாவற்றையும் முதுகுப் பக்கத்தில் செய்தேன்.

நீ சிரிக்க ஆரம்பித்திருப்பாய். எனக்கு அது புரிய நாலு நாள் ஆயிற்று. உன் தம்பி மனைவியை எதிரில் உட்காரவைத்து ஆட ஆரம்பித்தேன். அவளுக்கு விளையாட்டில் கொஞ்சமும் விருப்பம் கிடையாது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஆடினாள். முதல் நாள் ஜெயித்தாள், சரி, புதிதாக ஆடுபவர்களின் அதிர்ஷ்டம் என்று விட்டேன். இரண்டாம் நாள் ஜெயித்தாள். மூன்றாம் நாள் என் ஏழு கோட்டையையும் கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். நாலாம் நாள் நான் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போது, "உங்க கையில தொண்ணூத்தி மூணு இருக்கில்ல, அத ஏன் பொத்தி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? போடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "நம்பர என் மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கிட்டு எப்படித் தெரியும்னு கேட்டா நான் என்ன சொல்றது?" டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள். ஊரில் பாதிப் பேரின் எண் இன்னும் அவள் தலைக்குள் இருக்கிறது. நூற்றிருபத்தெட்டுச் சீட்டு அவளுக்கு ஒரு பொருட்டா?

சரி, முதுகை மறைக்க உறை ஏதாவது கிடைக்குமா என்று சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். தூங்கும் வாயிற்காவலன்கள் ஐந்து பேரையும் பார்த்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். விளக்குக்காரி வந்ததும் மற்றச் சீட்டுகளை எல்லாம் கீழே வைத்துவிட்டாள். "சார்... இது நெஜமாவே உங்களுக்கு வந்துதா?" ஆமாம் என்றேன். "ஆயிரம் பொட்டலத்துல ஒண்ணு சார். நானே இப்பதான் நேர்ல பாக்கறேன்." திருப்பினாள். ஊதா வட்டம், சொந்த நூலகம், வரிசை எண் எழுபத்தேழு. "ஐயோ சார்! என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க!" கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தாடி வைத்த ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், சத்தியமாக. ஆனால் அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, விளக்குக்காரியைத் துடைத்து என் கையிலேயே கொடுத்து, "பரவால்ல சார், இனிமே இத யாரும் திருட மாட்டாங்க" என்றாள். எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. நூலகத்தில் நாங்கள் முத்திரை குத்துவதும் அதற்காகத்தானே.

அக்கா, நடந்து வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பேக்கரி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். செருப்புப்பெட்டி! அப்பா வேலை பார்த்த செருப்புக் கடையின் மேல்மாடி, இரண்டு அறை, தோலும் பசையும் கலந்த வாசனை, கட்டிலுக்கு அடியில் நீயும் நானும். உடைந்த பெட்டி மூடிகளை அப்பா கொண்டுவந்து போடுவார், நீ கத்தரியால் சீட்டு சீட்டாக வெட்டுவாய், நான் படம் போடுவேன். பூட்ஸ் ராஜா, குதிகால் ராணி, ரப்பர் செருப்புச் சேவகர்கள் பதினாறு பேர். பகடைக்குத் துணி சோப்பை வெட்டிக் குச்சியால் புள்ளி வைத்தோம். ஒரு நாள் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் சட்டைக் காலரில் தேய்த்துத் தீர்த்துவிட்டாள். அந்தச் சட்டை அப்புறம் வெளுத்தமாதிரி எந்தச் சட்டையும் வெளுத்ததில்லை. விதியெல்லாம் நீ வைத்ததுதான். ராணிக்கு ஜுரம் வந்தால் எதிராளி ஒரு முறை காத்திருக்கவேண்டும் என்பாய், நான் ஜெயிக்கப்போகும் நேரம் பார்த்து ராணிக்குத் தவறாமல் ஜுரம் வரும். விதிப் புத்தகம் கிடையாது, பக்கம் பத்தொன்பது கிடையாது, உன் முகத்தைப் பார்த்துத்தான் விதி தெரிந்துகொள்ளவேண்டும். அந்த ஆட்டத்துக்கு ஈடாக இன்றுவரை நான் ஒன்றும் பார்க்கவில்லை.

ஆனால் அந்த மூடிகளின் வெளிப்பக்கத்தில் அச்சு இருந்தது அக்கா! அளவு, நிறம், கம்பெனிப் படம், எல்லாம் துண்டு துண்டாக! ஒவ்வொரு சீட்டின் முதுகும் ஒவ்வொரு மாதிரி! என் கையில் என்ன இருக்கிறதென்று உனக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது! உனக்குப் பதினைந்து, எனக்குப் பதினொன்று. "நீ இன்னும் சின்னப் பையன்டா, அதான் தோக்கற" என்று என் தலையைத் தடவுவாய், நானும் நம்பினேன். ஐம்பத்தோரு வருஷம் நான் ஒரு மக்கு என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். பேக்கரி வாசலிலேயே நின்று உனக்கு ஃபோன் போட்டேன். கண்டுபிடிச்சுட்டேன்க்கா என்று கத்தவேண்டும், நீ வாய் பொத்திச் சிரிக்கவேண்டும், உன் சிரிப்பு மூக்கு வழியாக வருமே, அது எனக்குக் கேட்கவேண்டும். நீ எடுத்தாய். "நல்லா இருக்கேன். சாப்பிட்டியா. வச்சிடட்டுமா." சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கத்த வரவில்லை.

போன வாரம் உன் மகள் பேசினாள். "மாமா, அம்மா பால்கனி நாற்காலியவிட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. டிவி போட்டா அணைச்சிடறாங்க. எதக் கேட்டாலும், எனக்கு இனிமே என்ன இருக்கு, பாத்தாச்சு எல்லாத்தையும்ங்கறாங்க. நீங்களாவது ஏதாவது பண்ணுங்க மாமா" என்று அழுதாள். நான் என்ன பண்ணுவேன்? ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அப்பா இல்லை, அம்மா இல்லை. அந்த இரண்டு அறை எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேர்தான். நீ பேசாமல் இருந்தால் எனக்கு அது பாதி மறந்துபோகும். ரப்பர் செருப்புச் சேவகன் ஒருவனுக்கு நாம் ஒரு பட்டப்பெயர் வைத்தோம், அது இரண்டு நாளாக எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

போகட்டும், எங்கேயோ போய்விட்டேன். "ஏழு கோட்டை" பற்றி என் அபிப்பிராயம்: நம் வயதுக்கு ஒத்துவராது. விதி அதிகம், எழுத்து பொடி, பகடை ஃப்ரிட்ஜுக்கு அடியில். நாளைக் காலை பழைய பேப்பர்காரர் வருவார், நோட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடப் போகிறேன். உன்னையும் இனிமேல் நச்சரிக்க மாட்டேன். உனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு, மூன்று வாக்கியமே போதும் என்று இருந்துகொள்கிறேன். மாத்திரைகளை வேளாவேளைக்குப் போட்டுக்கொள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. உன் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், முக்கியமாக அந்த நான்காவது முழங்காலுக்கு.

என்றும் உன்னிடம் தோற்றே பழகிய,
தம்பி

பின்குறிப்பு: பழைய பேப்பர்காரர் வந்தார், காலிப் பையோடு போனார். மேலே எழுதியதில் பாதி பொய் அக்கா. பொழுதுபோகாமல் ஒன்றும் வாங்கவில்லை, உன் மகள் ஃபோனை வைத்த அன்று சாயங்காலமே உன்னோடு ஆடத்தான் வாங்கினேன். உன் தம்பி மனைவியோடு ஆடியது உன்னிடம் சீக்கிரமே தோற்றுவிடாமல் இருக்கப் பழகிக்கொள்வதற்காக. இந்தக் கடிதம் வந்த பெட்டியிலேயே உன் பங்கு இருக்கிறது, அறுபத்துநாலு சீட்டும் இருபது முகப் பகடையும். விளக்குக்காரியை உனக்கே வைத்துவிட்டேன். என் சீட்டெல்லாம் இங்கே இருப்பதால் இந்தத் தடவை நீ முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் உருட்டவேண்டியது நீதான். என்ன விழுந்தது, எந்தச் சீட்டைப் போட்டாய் என்று எழுது, நீ எழுதுவதை நம்புகிறேன். விதியும் நீ வைப்பதுதான், ராணிக்கு ஜுரம் வந்தாலும் சரி. ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு நாற்பது முறை. ஒரு முறைக்குக் கடிதம் போய் வரப் பத்து நாள் என்று வைத்தாலும் முதல் ஆட்டம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதில் நான் தோற்பேன், உடனே அடுத்த ஆட்டம் கேட்பேன். கூரியரெல்லாம் வேண்டாம், சாதாரணத் தபாலிலேயே போடு. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை அக்கா, உனக்கும் இருக்கக் கூடாது.