கடைசிப் பாரம்

மனைவியின் கதை படிக்கும் பழக்கத்தை வேரோடு பிடுங்கி எறிவது என்று அட்டைக்காரர் ஒரு நாள் காலையில் சபதம் செய்தார். வாய்விட்டுச் செய்யவில்லை, மனசுக்குள்தான். சத்தமாகச் செய்த சபதம் எதுவும் அந்த வீட்டில் மத்தியானம் வரைக்கும் தாங்கியதில்லை.

பழைய புத்தகங்களைத் தைத்து அட்டை போடுவது அவர் தொழில். வீட்டின் முன்னறையே பட்டறை. முதுகு ஒடிந்து வருகிற புத்தகத்தைப் பிரிப்பார், தைப்பார், பசை தடவி நிமிர்த்தி உட்கார வைப்பார். ஒன்றையும் படிக்க மாட்டார். நூல் என்றால் அவருக்கு ஊசியில் கோப்பது. அவ்வளவுதான்.

மனைவியோ நேர் எதிர். கையில் ஒரு துப்பறியும் கதை ஏறிவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் அந்த வெளிச்சத்தில் இன்னும் நாலு பக்கம் படிப்பாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கே?"

"ம்."

"துணியெல்லாம் எடுத்தாச்சா?"

"ம்."

"நான் போய்க் கிணத்துல குதிச்சிடட்டுமா?"

"ம். பார்த்துக் குதிங்க."

பகல் முழுக்கப் பசையோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்குச் சாப்பாட்டு வேளையில் பேச ஓர் ஆள் வேண்டாமா? அவர் கேட்டது நாலு வார்த்தை. கிடைத்தது ஒற்றை எழுத்து.

சபதம் செய்த அன்றே வாய்ப்பும் வந்தது. மனைவியின் புத்தகம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

"என்னங்க, பாதிதான் படிச்சிருக்கேன். சட்டுனு தைச்சுக் குடுங்க."

பெரிய தாளில் அச்சாகிப் பதினாறு பக்கமாக மடிந்து வருகிற கட்டுக்கு அவர்கள் தொழிலில் பாரம் என்று பெயர். பாரத்தோடு பாரம் சேர்ந்தால் புத்தகம். கடைசிப் பாரத்தை உருவிவிட்டால்? கொலைகாரன் யாரென்றே தெரியாமல் கதை அந்தரத்தில் தொங்கும். 'சே, இதுக்கா இத்தனை பொழுதை வீணாக்கினேன்?' என்று அவளுக்கே வெறுத்துப் போகும். அப்புறம் புருஷனைத் தவிரப் பேச்சுத்துணை ஏது?

மேஜைமேல் அட்டை உரித்த இரண்டு புத்தகங்கள் படுத்திருந்தன. ஒன்று மனைவியுடையது. மற்றது எதிர்வீட்டுப் பல் டாக்டருடையது. அட்டைக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். கடைசிப் பாரத்தை உருவினார். பசை வாளிக்குப் பின்னால் செருகினார். இரண்டையும் தைத்து உரியவர்களிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

மனைவி படித்தாள். முடித்தாள். அலமாரியில் வைத்தாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"முடிவு... எப்படி?"

"பிரமாதம்!"

அட்டைக்காரருக்குத் தலை சுற்றியது. இல்லாத முடிவு எப்படிப் பிரமாதமாகும்? அப்படி என்னதான் அந்தப் பாரத்தில் இருக்கிறது? வாளிக்குப் பின்னாலிருந்து எடுத்தார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு கதையைப் படித்தார். சாட்சிக் கூண்டில் ஓர் ஒட்டகம் நின்றுகொண்டிருந்தது. வக்கீல் கேள்வி கேட்டார். ஒட்டகம் தலையாட்டியது. நீதிபதி தேம்பித் தேம்பி அழுதார். சுபம்.

அன்று ஓர் அட்டைகூட நேராக ஒட்டவில்லை. ஒரு புத்தகத்தைத் தலைகீழாகத் தைத்தார். ஒட்டகத்துக்குக் கோர்ட்டில் என்ன வேலை? பொறுக்க முடியாமல் அடுப்படிக்குப் போனார்.

"ஏம்மா, உன் கதையில ஒட்டகம் கிட்டகம் ஏதாவது வருமோ?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"வருமே! சொல்லத்தான் நேரமில்ல. பாத்திரம் மலையா கிடக்கு."

"அதைக் குடு, நான் தேய்க்கிறேன். நீ சொல்லு."

அவர் தேய்த்தார். அவள் சொன்னாள். ஒட்டகம் திருட்டுப் போனது. திருடன் அதைத் துரத்தினானா, அது திருடனைத் துரத்தியதா என்கிற இடத்தில் பாத்திரம் தீர்ந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் தரை பெருக்கணும்."

பெருக்கினார். நாளுக்கு நாள் கதை நீண்டது, வேலையும் கூடவே நீண்டது. துணி மடித்தார். ஒட்டடை அடித்தார்.

"சரி, நீதிபதி எதுக்கு அழுதாரு?"

"அழுதாரா? ஆமா ஆமா, அழுதாரு. அதுக்கு ஜன்னல் துடைக்கணும்."

சாப்பாட்டு வேளையில் இப்போது வீடே கலகலவென்று இருந்தது. எதற்காகச் சபதம் போட்டோம் என்பதே அட்டைக்காரருக்கு மறந்துவிட்டது.

அப்போதுதான் பல் டாக்டர் புத்தகமும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"பல்லைப் பிடுங்குறவன் நான். என் புத்தகத்துல பக்கத்தைப் பிடுங்கினது யாருய்யா? ஒட்டகம் கூண்டுல ஏறுது, அதோட கதை நின்னு போச்சு!"

அட்டைக்காரரின் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. மனைவி நிதானமாகப் போய்ப் பசை வாளிக்குப் பின்னாலிருந்து பாரத்தை எடுத்து வந்தாள்.

"புத்தகத்தை வச்சுட்டுப் போங்க டாக்டர். தைச்சு வைக்கச் சொல்றேன்."

அங்கே ஒருத்தர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டர் ஓடினார். இங்கேயும் ஒருத்தர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அப்ப... உன் கதையில ஒட்டகமே கிடையாதா?"

"ஒரு பூனைகூடக் கிடையாது."

"இத்தனை நாளா நீ சொன்னது?"

"நீங்க கேட்ட கேள்வியை வச்சே கட்டினதுதான். துப்பறியும் கதை படிச்சா இதெல்லாம் தெரியும். துப்பைத் தேடி அலையவே வேண்டாம். தப்புப் பண்ணினவன் வாயிலேயே அது இருக்கும்."

"சரி விடு. நிஜமா அந்த ஒட்டகம் எப்படிக் கோர்ட்டுக்கு வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அது உங்க பாரம். நீங்கதான் சுமக்கணும்."

அட்டைக்காரர் டாக்டரின் புத்தகத்தைச் சும்மா திறந்தார். முதல் வரியை நின்றபடி படித்தார். இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்பில் பால் பொங்கியது.

"பால் பொங்கிடுச்சுங்க."

"ம்."

"மழைகூட வரும் போலிருக்கு."

"ம்."

"அப்ப பாத்திரம், பெருக்கறது, ஜன்னல் எல்லாத்தையும் இனிமே நீங்களே பார்த்துக்கறீங்களா?"

"ம்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார் அட்டைக்காரர்.